வளர்ப்புப் பிராணிகளின் வயிறும் அமிலம் தணிக்கும் மருந்தும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். நாய்க்கும் பூனைக்கும் வயிற்றுப் புண் வந்தால் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அமிலம் தணிக்கும் மருந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "மனுசனுக்கு வர்ற கேஸ்ட்ரிக்குக்கே மருந்து வாங்க நேரமில்லை, இதில் நாய்க்கு வேறா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். அதற்குரிய விலையையும் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் வீரன் என்று ஒரு நாய் இருந்தான். தோட்டப் பள்ளி ஆசிரியர்களின் வீடுகளுக்குப் பின்னால் செம்பனைக் காடு. இரவில் காட்டுப்பன்றி வந்தாலும் பாம்பு வந்தாலும் முதலில் குரல் கொடுப்பவன் அவனே. ஒன்பது வயது ஆனபோது முன்னங்கால் ஒன்றை நொண்டத் தொடங்கினான். என் தாயார் முட்டிவலிக்காக டைக்ளோஃபெனக் என்னும் மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். "பாவம், அதுக்கும் வயசாயிடுச்சு. எனக்குக் கொடுக்கிறதில் பாதி கொடுத்துப் பாருய்யா" என்றார். கொடுத்தேன். மறுநாளே நொண்டல் குறைந்தது. எனக்கும் பெருமைதான். ஐந்து நாள் தொடர்ந்து கொடுத்தேன்.

ஆறாம் நாள் வீரன் சோற்றைத் தொடவில்லை. விடியற்காலையில் நுரை நுரையாக வாந்தி எடுத்தான். தாயாரிடம் வலி மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதற்கென்று கொடுத்த கேஸ்ட்ரிக் மருந்தும் இருந்தது. "எனக்குக் கேட்டது அதுக்குக் கேட்காதா?" என்றார். அதையும் கொடுத்தேன். வாந்தி நின்றது, இரண்டு வாய்ச் சோறும் தின்றான். வயிறு சரியாகிவிட்டது என்று எண்ணி, வலி மாத்திரையையும் நிறுத்தாமல் கொடுத்து வந்தேன். நேயர்களே, இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து வேலி ஓரத்தில் அவன் கழித்த மலம் தார் போலக் கருத்து, பிசுபிசுப்பாக இருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறுகள் வெளுத்துக் காகிதம் போல் இருந்தன.

என்ன நடந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால் இரைப்பையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

நாயின் இரைப்பை, பூனையின் இரைப்பை, நம் இரைப்பை மூன்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. இது எலுமிச்சம்பழச் சாற்றைக் காட்டிலும் கடுமையான புளிப்பு. ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றும் அமிலத்தை நம் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவார்கள். அது வேறு அமிலம். ஆயினும் கையில் பட்டால் தோல் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒன்றை நாள் முழுவதும் வைத்திருந்தும் இரைப்பை ஏன் வெந்து போவதில்லை? அதன் உட்சுவரில் வழவழப்பான சளிப்படலம் ஒன்று இருக்கிறது. அந்தப் படலத்தின் அடியில் இரத்தம் விடாமல் ஓடி, கெட்டுப்போன செல்களை அகற்றிப் புதியவற்றை வளர்க்கிறது. எனாமல் பூசிய கோப்பையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எனாமல் இருக்கும் வரை இரும்புக்குத் துரு இல்லை. எனாமல் பெயர்ந்த இடத்தில்தான் துரு பிடிக்கிறது.

இந்த எனாமலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கச் சொல்லும் பொருளுக்குப் புரோஸ்டாகிளாண்டின் என்று பெயர். மூட்டுவலிக்கு நாம் சாப்பிடும் பல மாத்திரைகள், அதாவது ஆஸ்பிரின், ஐபுபுரொஃபன், டைக்ளோஃபெனக் போன்றவை, இந்தப் பொருளின் உற்பத்தியைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. வலி குறைகிறது, அதே நேரத்தில் வயிற்றின் எனாமலும் பெயர்கிறது. மனிதருக்கும் இது நேர்வதுண்டு. நாய்க்கோ மிக எளிதில் நேர்ந்துவிடும். நம் உடம்பிலிருந்து சில மணி நேரத்தில் கழிந்துவிடும் மருந்து, நாயின் உடம்பில் அதிக நேரம் தங்கிவிடுவதுண்டு. ஆகவே, "பாதி மாத்திரைதானே" என்னும் கணக்கு அங்கே செல்லாது. நாய்களுக்கென்றே ஆய்ந்து செய்த வலி மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் மருத்துவர்தான் எடை பார்த்து, சிறுநீரகத்தின் நிலை பார்த்து எழுதிக் கொடுப்பார்.

இனி, அமிலத்தைத் தணிக்கும் மருந்துக்கு வருவோம். நாயின் வயிற்றை ஆராய்ந்துதான் மனிதன் தன் வயிற்றைப் பற்றிப் பலவற்றைக் கற்றான். ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் நாய்களின் இரைப்பை நீர் எப்படிச் சுரக்கிறது என்பதை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்றார். மணி அடித்தால் நாய்க்கு வாயில் நீர் ஊறும் என்ற சோதனையை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்குத்தான். நாயின் இரைப்பை நீரை வடித்து, செரிமானக் கோளாறு உள்ள மனிதர்களுக்கு மருந்தாகக் கூட அவருடைய ஆய்வுக்கூடம் விற்றது! அந்தக் காலத்தில் அமிலம் போதவில்லை என்று கொடுத்தார்கள். இப்போது அமிலம் கூடாது என்று கொடுக்கிறோம்.

இந்த மருந்தின் வரலாற்றில் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் என்னும் இளம் மருத்துவர், படிப்புக்காகப் பட்ட கடனை அடைப்பதற்காகக் கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்தார். 1947 முதல் 1950 வரை அங்கே ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தார். அந்தக் கல்லூரிதான் 1949இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. பின்னர் நாடு திரும்பி, கிளாஸ்கோ நகரின் கால்நடை மருத்துவப் பள்ளியில் உடலியல் துறையை அமைத்தார். இரைப்பை அமிலம் பற்றிய ஆராய்ச்சியில் அவர் இறங்கியது அங்கேதான். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு அவரும் அவருடைய குழுவினரும் கண்ட சிமெடிடின் என்னும் மருந்து 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் வயிற்றுப் புண் முற்றினால் அறுவை சிகிச்சைதான் என்ற நிலை பெரிதும் மாறியது. 1988இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சிமெடிடின் என்ன செய்கிறது? இரைப்பையின் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. "இறை, இறை" என்று அவற்றுக்குக் கட்டளை கொண்டு வருபவர்கள் மூவர். ஒருவர் நரம்பின் வழியே வருகிறார், மற்றொருவர் கேஸ்ட்ரின் என்னும் இயக்குநீர், மூன்றாமவர் ஹிஸ்டமின். சிமெடிடினும், அதற்குப் பின் வந்த ரானிடிடின், ஃபமோடிடின் ஆகியவையும் ஹிஸ்டமினை மட்டும் வாசலில் தடுத்து நிறுத்துகின்றன. மற்ற இருவரும் உள்ளே போய்க்கொண்டுதான் இருப்பார்கள். ரானிடிடினில் தீங்கான மாசு ஒன்று காணப்பட்டதால், அதைச் சந்தையிலிருந்து முற்றிலும் அகற்றுமாறு அமெரிக்காவில் 2020இல் கேட்டுக்கொள்ளப்பட்டது. பழைய அட்டை உங்கள் அலமாரியில் கிடந்தால் அதை நாய்க்கு ஊட்டி முடிக்க வேண்டாம்.

1988இல் சுவீடனில் ஒமெப்ரசோல் என்னும் வேறு வகை மருந்து வந்தது. இது கட்டளை கொண்டு வருபவர்களோடு மல்லுக்கட்டுவதில்லை. நேரே பம்பையே பூட்டிவிடுகிறது. பான்டோபிரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் இதே குடும்பம். நாய் பூனைகளுக்கு உண்மையான புண் இருக்கும்போது இந்தக் குடும்பமே சிறந்தது என்று அமெரிக்காவின் கால்நடை உள்மருத்துவ வல்லுநர் அமைப்பு 2018இல் தெளிவாக அறிவித்தது. மனிதரில் பலருக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். நாய் பூனைகளுக்கு இரண்டு வேளை வேண்டும் என்பதும் அந்த அறிவிப்பில் உண்டு. ஃபமோடிடின் போன்றவற்றை நாள்தோறும் கொடுத்து வந்தால், சில நாட்களிலேயே நாயின் உடல் அதற்குப் பழகி, மருந்தின் வலிமை குறைந்துவிடுகிறது. இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டைப் பலன் கிடைக்கும் என்று நினைப்பதும் சரியன்று.

அதே அறிவிப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. எதற்கெல்லாம் இந்த மருந்து தேவையில்லை என்பதையும் சொல்லியிருந்தார்கள். சாதாரண வாந்திக்குத் தேவையில்லை. கணைய அழற்சிக்கு, புண் இல்லாதபோது, பயன் இருப்பதாகச் சான்று இல்லை. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தால் முன்பெல்லாம் வழக்கமாகவே அமில மருந்து கொடுத்து வந்தார்கள். அத்தகைய பூனைகளின் இரைப்பையை ஆராய்ந்தபோது புண் அரிதாகவே இருந்தது. மருத்துவர்களே தங்கள் பழக்கத்தைத் திருத்திக்கொள்ளும்போது, நாம் அலமாரியைத் திறந்து மருந்து கொடுக்கலாமா?

வாந்தி ஒரு நோயன்று; அது ஓர் அறிகுறி. குட்டி நாய்க்குப் பார்வோ என்னும் தொற்று நோய் வந்தாலும் வாந்திதான். பூனை நூலை விழுங்கிக் குடலில் சுருண்டாலும் வாந்திதான். ஆட்டு எலும்பு சிக்கினாலும் வாந்திதான். இவற்றில் எதையும் ஒமெப்ரசோல் குணப்படுத்தாது. சில வேளைகளில் மருந்தே வேண்டியிருக்காது. மாலை ஆறு மணிக்குச் சோறு வைத்துவிட்டு மறுநாள் காலை வரை பட்டினியாக விட்டால், சில நாய்கள் விடியற்காலையில் மஞ்சள் நீரை வாந்தி எடுக்கும். பிறகு நன்றாகத் தின்னும், ஓடியாடும். அவற்றுக்குப் படுக்கப்போகுமுன் இரண்டு கவளம் சோறு கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆனால் கருத்த மலம், காப்பித் தூள் போன்ற வாந்தி, வெளுத்த ஈறு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். பெரிய உடல் வாகுள்ள நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றும் வராமல் தவித்தால் ஒரு மணி நேரங்கூடத் தாமதிக்கக்கூடாது. அது இரைப்பையே முறுக்கிக்கொள்ளும் நோயாக இருக்கலாம்.

நான் வீரனைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு பட்டணத்துக்கு ஓடினேன். என் மகளும் உடன் வந்தாள். கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். ஈற்றை அழுத்திப் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சார், என்ன மருந்து கொடுத்தீங்க?" என்றார். "கேஸ்ட்ரிக் மருந்து மட்டும்தான் டாக்டர்" என்றேன். பிள்ளைகளுக்கு வாய்மை என்று பாடம் நடத்துகிறவன் நான். வெட்கம் என்னை அப்படிச் சொல்ல வைத்தது. என் மகள், "இல்லப்பா, பாட்டியோட முட்டிவலி மாத்திரையும் கொடுத்தீங்களே" என்றாள். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "அதைச் சொன்னீங்களே, அதுதான் எனக்கு வேணும் சார்" என்று என் மகளைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டுத் தாதியை அழைத்தார்.

பிறகுதான் அவர் எனக்கு விளக்கினார். வலி மாத்திரை இரைப்பையில் புண் உண்டாக்கியது. அமில மருந்து குமட்டலைச் சற்றுத் தணித்தது. நான் அதைக் குணம் என்று எண்ணினேன். புண்ணை உண்டாக்கிய மருந்தோ உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அமில மருந்து கெட்ட மருந்தன்று. அதையேதான் அவரும் வீரனுக்கு ஊசி மூலம் செலுத்தினார். ஆனால் முதலில் வலி மாத்திரையை நிறுத்தினார். இழந்த நீரை நரம்பு வழியே ஏற்றினார். இரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது, சிறுநீரகம் கெட்டிருக்கிறதா என்று சோதித்தார். புண்ணின் மேல் களிம்பு போல் ஒட்டிக்கொள்ளும் சுக்ரால்ஃபேட் என்னும் மருந்தையும் கொடுத்தார். அது அமிலத்தைக் குறைப்பதில்லை, புண்ணை மூடுகிறது. மற்ற மருந்துகள் உடலில் சேர்வதையும் அது தடுக்கக்கூடும் என்பதால் இரண்டு மணி நேர இடைவெளி விடச் சொன்னார்.

பூனை வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமோல் பூனைக்கு விஷம். அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறுகள் பழுப்பாகிவிடும், முகம் வீங்கும். எங்கள் பள்ளியில் படித்த சிறுமி ஒருத்தியின் பூனை அப்படித்தான் இறந்தது. அவளுடைய வீட்டார் அன்போடுதான் கொடுத்தார்கள். வயிற்றுக் கோளாறுக்கென்று கடையில் விற்கும் இளஞ்சிவப்பு நிறத் திரவ மருந்து சிலவற்றில் ஆஸ்பிரினுக்கு உறவான பொருள் இருக்கிறது. அதுவும் பூனைக்கு ஆகாது. மனிதர்களுக்கான இனிப்புத் திரவ மருந்துகள் சிலவற்றில் சைலிட்டோல் என்னும் சர்க்கரைப் பதிலி கலந்திருக்கும். அது நாயின் உயிருக்கே உலை வைக்கும். மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும், கூடக் கலந்திருப்பது வேறாக இருக்கலாம்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு அதை எப்படிக் கொடுப்பது? ஒமெப்ரசோல் வகை மருந்தை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். உணவு வரும்போதுதான் பம்புகள் வேலை செய்யத் தொடங்கும்; வேலை செய்யும் பம்பைத்தான் இந்த மருந்து பூட்டும். சோற்று உருண்டைக்குள் ஒளித்துக் கொடுக்கும் நம் பழைய தந்திரம் இங்கே சரிப்படாது. கேப்சூலுக்குள் சிறு சிறு மணிகள் இருந்தால் அவற்றை அம்மியில் பொடியாக்கிவிடாதீர்கள். வயிற்று அமிலமே மருந்தை அழித்துவிடும். சிறிய நாய்க்கு, பூனைக்கு எப்படிப் பிரிப்பது என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். பூனைக்கு மாத்திரை கொடுத்தால் ஊசியில்லாத சிரிஞ்சினால் ஐந்து ஆறு மில்லி தண்ணீர் மெதுவாகப் புகட்டுங்கள். மாத்திரை தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் தங்கினால் அந்த இடமே புண்ணாகும். டாக்ஸிசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரை இந்தக் கொடுமையைச் செய்வதில் பேர் போனது.

முதல் நாளே முழுப் பலனை எதிர்பார்க்காதீர்கள். மருந்தின் முழு வலிமை சேர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்த பிறகு திடீரென்று நிறுத்தவும் கூடாது. அடைபட்டிருந்த சுரப்பு ஒரே மூச்சாகக் கிளம்பும். மருத்துவர் படிப்படியாகக் குறைக்கச் சொல்வார், அதன்படி செய்யுங்கள். வலி மருந்தினால் வந்த புண்ணுக்குச் சில வேளைகளில் மிசோபுரொஸ்டோல் என்னும் மாத்திரையைக் கொடுப்பதுண்டு. அதைக் கர்ப்பிணிப் பெண்கள் கையாலும் தொடக்கூடாது, கருச்சிதைவு உண்டாக்கும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் கொடுத்த மருந்துகளின் அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். என்னைப் போல் பொய் சொல்லிவிட்டால் அதைத் திருத்த மகள் உடன் வரவேண்டியிருக்கும். தாவர எண்ணெய், நாட்டு மருந்து, பக்கத்து வீட்டார் கொடுத்தது எதையும் விட்டுவிடாதீர்கள். செலவைப் பற்றிய கவலை இருந்தால் அதையும் மனந்திறந்து சொல்லலாம். எந்தச் சோதனை இப்போதே வேண்டும், எது பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் பிரித்துச் சொல்வார்கள்.

வீரன் மூன்று நாள் அங்கேயே இருந்தான். வீட்டுக்கு வந்த பிறகு நான்கு வாரம், காலை ஐந்தரை மணிக்கு ஒரு வேளையும் மாலை ஐந்தரை மணிக்கு ஒரு வேளையுமாக மருந்து. ஆறு மணிக்குச் சோறு. பள்ளிக்கூடத்துக் கால அட்டவணை போலவே அட்டை ஒன்றில் எழுதிக் கதவில் ஒட்டி வைத்தாள் என் மகள். தாயார்தான் தினமும் அதில் அடையாளம் போட்டார். அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டு வாழ்ந்தான். தாயாரின் மாத்திரைகளை மூடியுள்ள டப்பாவில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டோம்.

நொண்டலுக்குக் காரணம் என்ன என்று கேட்பீர்கள். மருத்துவமனையில் இரண்டாம் நாள் அதையும் பார்த்தார்கள். முன்னங்காலின் உட்புறத்தில், தரையில் படாமல் தனியாக ஒரு விரல் இருக்குமல்லவா? அதன் நகம் தேயாமல் வளைந்து வளர்ந்து, சதைக்குள் இறங்கியிருந்தது. வெட்டி எடுத்துக் கழுவி மருந்து போட ஐந்து நிமிடம் ஆயிற்று.